டேங்க்ல நிக்கிற பணம்

போன வாரம் சேலையூர் கேம்ப் ரோட்டு டீக்கடையில காலேஜ் நண்பன் ஒருத்தன் கேட்டான்: "மச்சான், பெங்களூருல ப்ரூவரி ரெஸ்டாரன்ட் ஆரம்பிக்கிறேன். எட்டு லட்சம் போடுறியா?"

நம்ம ஊர்ல 2003-லிருந்து மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில. அதான் பெங்களூரு. இந்திராநகர் 'டாய்ட்'டை உதாரணம் காட்டினான். 2010-ல ஆரம்பிச்சது, மும்பை, புனே வரைக்கும் போயிடுச்சு. வளர்ச்சி இருக்கு, மறுக்கல. காய்ச்சுற இடத்துலயே விக்கிறோம், கூடவே சாப்பாடும் ஓடும்.

ஆனா ரிஸ்க், போட்டியை விட அரசு உத்தரவுலதான் அதிகம். 2017-ல, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள்ள மது விக்கக் கூடாதுங்குற சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால எம்.ஜி. ரோட்டுல பல பார்கள் மூடிக் கிடந்தன. 2020 மார்ச்ல ஊரடங்கு. பாட்டில் பீர் குடோன்ல மாசக்கணக்கா இருக்கும். இந்த ஃப்ரெஷ் பீர் தாங்காது. பார்சல் அனுமதி மே மாசம்தான் வந்துச்சு. அதுவரைக்கும் டேங்க்ல நின்னது பீர் இல்ல, பணம்.

இன்னொண்ணு: மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கு. அதனால பீர் காய்ச்சுற டேங்குக்குக் கட்டுற ஜிஎஸ்டியை எதுலயும் கழிச்சுக்க முடியாது.

அவன்கிட்ட ஒரே கேள்வி கேட்டேன்: "மூணு மாசம் கதவு மூடியிருந்தா வாடகை, சம்பளம் யார் தருவா?"

டீ ஆறிப்போச்சு, பதில் வரல.

"அந்த மூணு மாசச் செலவைத் தனியா எடுத்து வச்சுட்டு வா, எட்டு லட்சம் தரேன்"னு சொல்லியிருக்கேன். எனக்கு அது வீட்டு அட்வான்ஸுக்குச் சேர்த்த காசு. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?