அளவறிந்து நெகிழும் ரப்பர்

பழைய லாரி ஒன்றைப் புதுப்பிக்கத் தலைப்படுகிறவர்கள் முதலில் கவலைப்படுவது எஞ்சினைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் துருவேறிய தகடுகளைப் பற்றியும்தான். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவிலும், கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவிலும், உள்ளங்கை அகலமே உள்ள சில ரப்பர்த் துண்டுகள் அமர்ந்துகொண்டு, அவ்வளவு பாரத்தையும் தாங்குவதோடு அதிர்வையும் தம்முள் வாங்கி அடக்குகின்றன என்பது, அவை கெட்டுப்போன பிறகே பலருக்கு நினைவுக்கு வருகிறது. பட்டறைகளில் மவுண்டிங் ரப்பர் என்று வழங்கும் இந்தச் சிறிய உறுப்பையும், அது நைந்துபோனால் பாலியூரித்தேன் என்னும் வார்ப்புப் பொருளைக் கொண்டு அதை மீண்டும் உருவாக்கும் முறையையும் பற்றி இன்று பேச உத்தேசித்திருக்கிறேன்.

மோட்டார் வண்டிகளின் ஆரம்ப காலத்தில் எஞ்சின்கள் பெரும்பாலும் இரும்போடு இரும்பாகச் சட்டத்தில் முடுக்கப்பட்டிருந்தபடியால், எஞ்சினின் ஒவ்வொரு உதறலும் அப்படியே ஓட்டுபவரின் எலும்பு வரை சென்று சேர்ந்தது. 1931-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தனது பிளிமத் காரில், எஞ்சினின் இயற்கையான சுழற்சி அச்சு எங்கே செல்கிறது என்று கணித்து, முன்புறம் உயரத்தில் ஒரு ரப்பர்த் தாங்கியையும் பின்புறம் தாழ்வாக மற்றொன்றையும் வைத்து, எஞ்சின் தன் சுபாவப்படி அசைந்துகொள்ள இடம் கொடுத்தபோது, நான்கு சிலிண்டர் எஞ்சினின் கரடுமுரடான ஓட்டம் வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரியாமல் அடங்கிப்போயிற்று. அந்த யுக்தியைப் பிரான்ஸின் சித்ரோயன் நிறுவனமும் உரிமம் பெற்றுக் கையாண்டது. அதிர்வை முரட்டுத்தனமாகப் பிடித்து நிறுத்துவதைவிட, அளவாக அசையவிட்டு அடக்குவதே உசிதம் என்னும் தத்துவம் அதில் நிலைநாட்டப்பட்டது.

அந்தத் தத்துவத்தைச் சுமக்கும் ரப்பரோ நித்தியமானதன்று. எஞ்சினின் வெப்பமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓஸோனும் அதை நாளடைவில் இறுகச் செய்து, மேற்பரப்பில் வெடிப்புகளை உண்டாக்குகின்றன; கசிந்து விழும் எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதச் செய்து இளக்கிவிடுகிறது; இரும்புத் தகட்டோடு அது ஒட்டியிருந்த பிணைப்பும் ஒரு நாள் விட்டுப்போகிறது. உபயோகிக்கப்படாமல் பெட்டிக்குள்ளேயே இருந்த பழைய காலத்து உதிரிப்பாகத்தைத் தேடி வாங்கினாலும், ரப்பருக்கு அலமாரியிலும் வயதாகிறது என்பதால், அதுவும் பெரும்பாலும் இறுகித்தான் இருக்கும். பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபார்கோ, டாட்ஜ் லாரிகளைப் போன்ற பழைய வண்டிகளை இன்றும் பேணி வருகிறவர்களுக்கு, இந்தத் துண்டுகளைத் தாமே செய்துகொள்ள வேண்டிய அவசியம் இவ்வாறே நேர்கிறது.

ரப்பரை வல்கனைஸ் செய்வதற்கு, அதாவது பதப்படுத்தி உறுதியாக்குவதற்கு, எஃகு அச்சும் உயர்ந்த வெப்பமும் பெரும் அழுத்தமும் தேவை. சிறு பட்டறையில் அவை எளிதில் கிடைப்பவை அல்ல. ஜெர்மனியின் லெவர்குசென் நகரத்து ஆய்வுக்கூடத்தில் 1937-இல் ஓட்டோ பேயர் என்னும் ரசாயன விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த பாலியூரித்தேன் வகையில், இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் சாதாரண அறை வெப்பத்திலேயே ரப்பர் போல் உறைந்துகொள்ளும் கலவைகள் இருப்பது, அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறது. ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் ஓடும் வண்டிக்கு, தண்ணீரால் சிதையாத பாலியீதர் வகையைத் தேர்ந்துகொள்வது நலம். பாலியெஸ்டர் வகை எண்ணெய்க்கு நன்றாக ஈடுகொடுத்தாலும் ஈரத்தில் காலப்போக்கில் நைந்துவிடும்.

பொருளைத் தேர்ந்தபின் எழும் கேள்வி, அது எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பது. ஷோர் ஏ என்னும் அளவுகோலில் மவுண்டிங் ரப்பர்கள் பெரும்பாலும் 40-க்கும் 70-க்கும் இடையில் அமைந்திருக்கும். பழைய துண்டின் மேற்பரப்பை அளந்து அதே எண்ணுக்கு வார்த்தால் ஏமாந்துபோவோம். ஏனெனில் நாம் அளப்பது முதுமையால் இறுகிய தோலையே. துண்டை அறுத்து, காற்றும் வெப்பமும் எட்டாத உட்பகுதியை அளப்பது உண்மைக்கு அருகில் கொண்டுசேர்க்கும். உயரத்தையும் அவ்வாறே நம்ப முடியாது. பல்லாண்டுகள் பாரம் சுமந்து அது அமுங்கியிருக்கும் என்பதால், போல்ட் துளைகளின் நிலையையும், பாரம் குறைவாக விழுந்த பக்கத்துத் துண்டையும் ஒப்பிட்டே பூர்வ அளவை அனுமானிக்க வேண்டும். பழைய துண்டில் காணும் பள்ளங்களையும் துளைகளையும் வீணான இடம் என்று கருதி நிரப்பிவிடுவது மற்றொரு தவறு. பிசைந்த மாவை உள்ளங்கையால் அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்குவதுபோல, ரப்பரும் தன் உருவத்தைத்தான் மாற்றிக்கொள்ளுமேயன்றிப் பருமனில் குறையாது. பிதுங்க இடமில்லாவிட்டால் மிருதுவான பொருளும் கல்லாகிவிடும்.

இவ்வளவும் தீர்மானமான பிறகு கைவேலை தொடங்குகிறது. இரும்புத் தகடுகளிலிருந்து பழைய ரப்பரை வெட்டியும் சுரண்டியும் நீக்கி, மணல் பீய்ச்சிப் பளிச்சென்ற உலோகம் தெரியும்படி செய்து, துரு மறுபடி பற்றுவதற்குமுன் அதற்குரிய பிரைமரைப் பூச வேண்டும். கலவையை ஊற்றும் வார்ப்பு அச்சின் உட்புறத்தில் ஒட்டாமைக்கான பூச்சு தடவி, ஆனால் அது தகட்டின்மேல் ஒரு துளியும் படாமல் காத்து, இரு திரவங்களையும் தராசில் நிறுத்து, பாத்திரத்தின் ஓரங்களையும் அடியையும் வழித்து நிதானமாகக் கலக்கி, அச்சின் தாழ்ந்த மூலையில் மெல்லிய தாரையாக ஊற்றினால், காற்று தானே மேலே ஏறி வெளியேறும். பாத்திரமும் குச்சியும் முற்றிலும் உலர்ந்திருப்பது அவசியம். சிறிது ஈரம் கலந்தாலும் ரசாயன மாறுதலால் கரியமிலவாயு உண்டாகி வார்ப்பு முழுதும் குமிழியாகிவிடும். மறுநாள் அச்சிலிருந்து எடுக்க முடிந்தாலும், பெரும்பாலான கலவைகள் முழு வலிமை பெற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறபடியால், அதுவரை பாரம் ஏற்றலாகாது. இந்தத் திரவங்களில் உள்ள ஐசோசயனேட் சுவாசத்தில் சென்றால் ஆஸ்துமா உண்டாகக்கூடும் என்பதால், காற்றோட்டமான இடத்தில் கையுறை அணிந்து வேலை செய்வதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது.

இந்த முறை எல்லா இடத்துக்கும் ஏற்றதும் அன்று. 80 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் நீடித்த வெப்பம் பட்டால் சாதாரணப் பாலியூரித்தேன் வலிமை குன்றுமாதலால், புகைக்குழாய்க்கு அருகில் அதை வைப்பது தகாது. ஒட்டுதலை மட்டுமே நம்பிப் பாரத்தை இழுவையில் தாங்கும் அமைப்பிலும் வீட்டு வார்ப்பைப் பொருத்தலாகாது. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. ஒட்டு விட்ட தாங்கியிலிருந்து எஞ்சின் எழும்பி, ஆக்ஸிலரேட்டரை இழுத்துத் திறந்துவிடும் அபாயம் அவற்றில் இருந்தது. ஆகையால், ரப்பர் முழுதும் பிய்ந்துபோனாலும் போல்ட்டும் வாஷரும் எஞ்சினைப் பிடித்து நிறுத்தும்படியான அமைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதில் இறங்க வேண்டும். கேபின் தாங்கிகளும் ரேடியேட்டர் தாங்கிகளும் கைபழகுவதற்கு உகந்த முதல் பாடங்கள்.

புதுப்பிக்கும்போது, இன்னும் உறுதியாகச் செய்துவிடுவோமே என்ற ஆசை இயல்பாக எழும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்துக் கடினமான கலவையை வார்த்துவிட்டால் மவுண்டிங் நெடுநாள் உழைக்கும். ஆனால் அது வாங்கிக்கொள்ள மறுத்த அதிர்வு முழுதும் பிராக்கெட்டையும் ரேடியேட்டரையும் கேபினின் பற்றவைப்புகளையும் சென்று தாக்கி, அவற்றை ஒவ்வொன்றாக விரிசலடையச் செய்யும். மற்ற உறுப்புகள் பிழைப்பதற்காகத் தான் அமுங்கித் தேய்ந்துபோவதே இந்தத் துண்டின் கடமை. அதை முதலில் வடிவமைத்தவர் எந்த அளவு நெகிழ்ச்சியை உத்தேசித்தாரோ, அந்த அளவைக் கண்டறிந்து திருப்பித் தருகிறவரே நல்ல மெக்கானிக் என்பது என் அபிப்பிராயம்.