அவசர உணவும் ஆரோக்கியமும்

கொச்சி நகரத்து மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் என்று ஒரு பழைய வீதி இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் கொச்சி அரசர் தம் அரண்மனைக்கு அடுத்தாற்போல் யூதர்களுக்கு அளித்த நிலத்தில் எழுந்த வீதி அது. 1568-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெபாலயம் அதன் கோடியில் இன்றும் நிற்கிறது. மிளகும் சுக்கும் ஏலமும் சாக்குச் சாக்காக இவ்வீதிக் கிடங்குகளில் வந்திறங்கி, பின்னர் கப்பலேறிக் கடல் கடந்தன. 1957-இல் நிறுவப்பெற்ற மிளகு வணிகர் சங்கமும் இங்கேதான் தன் வணிகக் கூடத்தை அமைத்துக்கொண்டது. இன்று பல கிடங்குகள் பழம்பொருட் கடைகளாக மாறிவிட்டன. ஆயினும் காற்றில் மிளகின் மணம் முற்றிலும் போய்விடவில்லை.

உடல்நலத்தைப் பற்றிய பேச்சை வாசனைப் பண்டங்களின் வீதியிலிருந்து தொடங்குவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இவ்வீதியின் வணிகர்கள் ஒரு பெரிய உண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். உணவுப் பண்டத்தைக் கெடுப்பவை ஈரமும், வெப்பமும், காலமும் என்பதே அந்த உண்மை. வெயிலில் உலர்ந்த மிளகு ஆண்டுக்கணக்கில் கெடாது. சற்று ஈரம் மிகுந்த மிளகோ சில வாரங்களில் பூசணம் பிடிக்கும். ஆகையால் கையில் அள்ளிப் பார்த்து, ஈரத்தைச் சோதித்து, அதன் பிறகே விலை பேசினார்கள். பிறர் உண்ணப்போகும் பண்டத்தின்மீது அத்தனை கவனம்! நாம் உண்ணப்போகும் பண்டத்தின்மீது நமக்கு அந்தக் கவனம் உண்டா என்பதே இன்றைய கேள்வி.

ஜூ டவுனை விட்டு வெளியே வந்து கொச்சியின் பெருஞ்சாலைகளில் மாலை நேரத்தில் நடந்தால் வேறொரு காட்சியைக் காண்கிறோம். நெருப்பின் முன்னே நிமிர்ந்த கம்பியில் இறைச்சி சுழல்கிறது. வாணலியில் எண்ணெய் கொதிக்கிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும், வேலை முடித்துத் திரும்பும் இளைஞர்களும் கூடி நிற்கிறார்கள். கேட்ட இரண்டு நிமிடத்தில் பொட்டலம் கைக்கு வந்துவிடுகிறது. இது கொச்சிக்கு மட்டும் உரிய காட்சியன்று. சென்னை, மதுரை, நாமக்கல், கொழும்பு எங்கும் இதேதான். துரித உணவு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

இந்தப் பெயரிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. துரிதம் என்பது வாங்குவதிலும் விழுங்குவதிலும்தான் இருக்கிறது. உணவோ நெடுநேரம் காத்துக் கிடக்கிறது. காத்திருக்கக் கூடாத பண்டம் காத்திருக்கிறது. நின்று நிதானமாக வேகவேண்டிய பண்டம் அவசரமாக வெட்டப்படுகிறது. இந்த உணவினால் வரும் உடனடித் தீங்கின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

2022-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று, கேரளத்தின் வடகோடியில் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில், ஷவர்மா உண்ட பள்ளி மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். அதே பண்டத்தை உண்ட ஐம்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பரிசோதனையில் ஷிகெல்லா என்னும் கிருமி காணப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், நமது நாமக்கல்லிலும் ஷவர்மா உண்ட பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மாண்டாள்; அங்கும் பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். விருப்பத்தோடு வாங்கி உண்ட ஒரு சிற்றுண்டி இரண்டு வீடுகளை இருளாக்கிவிட்டது. இவற்றை விதி என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் இவை தடுத்திருக்கக்கூடிய மரணங்கள்.

ஷவர்மா செய்யும் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கம்பியில் அடுக்கிய இறைச்சியின் வெளிப்புறம் வேகும்போது உட்புறம் பச்சையாகவே இருக்கிறது. வெந்த மேற்பகுதியை மெல்லியதாகச் சீவி எடுக்கவேண்டும். அடுத்த அடுக்கு வேகும்வரை பொறுக்கவேண்டும். கூட்டம் மிகுந்தால் பொறுமைக்கு இடமேது? அரைவேக்காட்டு இறைச்சியும் சேர்ந்து வெட்டப்படுகிறது. கூட்டம் குறைந்தாலோ நெருப்பைத் தணித்துவிடுகிறார்கள். இறைச்சி வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நிற்கிறது. முன்னது அவசரத்தின் தீங்கு. பின்னது தாமதத்தின் தீங்கு.

5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலை கிருமிகள் பெருகுவதற்கு ஏற்றது என்பர் உணவு அறிவியலார். தகுந்த சூழலில் ஒரு கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகிறது. அந்தக் கணக்குப்படி ஆயிரம் கிருமிகள் நான்கு மணி நேரத்தில் நாற்பது லட்சத்தைத் தாண்டிவிடும். ஷிகெல்லாவுக்கு இந்தப் பெருக்கமும் தேவையில்லை. நூறுக்கும் குறைவான கிருமிகளே ஒருவரை நோயில் வீழ்த்தப் போதும். கழுவாத கை ஒன்றே அவற்றைச் சுமந்து வந்துவிடும். வேறு சில கிருமிகள் உணவில் விட்டுச்செல்லும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே, ‘சுட வைத்துத் தின்றால் ஒன்றும் செய்யாது’ என்னும் நம்பிக்கை பாதி உண்மைதான்.

யூதர்களின் சமய ஒழுக்கம் ஒன்றை இவ்விடத்தில் நினைவுகூரலாம். ஓய்வு நாளாகிய சனிக்கிழமையன்று அவர்கள் தீ மூட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன்னரே உணவை அடுப்பேற்றி, இரவு முழுவதும் தணலின்மேல் வைத்திருந்து, மறுநாள் சுடச்சுட உண்பார்கள். அது பல மணி நேரம் இருந்த உணவுதான். ஆனால் தீயை விட்டு இறங்காத உணவு. கிருமி தழைக்கும் வெதுவெதுப்புக்கு அது இடங்கொடுக்கவில்லை. எத்தனை நேரம் இருந்தது என்பதோடு, எந்தச் சூட்டில் இருந்தது என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மிளகைப் பற்றியே ஒரு தவறான கதை வெகுநாளாக வழங்கிவருகிறது. பண்டை ஐரோப்பியர் அழுகிய இறைச்சியின் நாற்றத்தை மறைக்கவே மிளகை வாங்கினார்கள் என்பது அக்கதை. வரலாற்று ஆசிரியர்கள் இதனை ஏற்பதில்லை. அக்காலத்தில் மிளகு விலை மிகுந்த பண்டம். அதை வாங்க வல்லவருக்குப் புதிய இறைச்சி வாங்குவது அரிதன்று. ஆனால் அந்தப் பழியை நம் காலத்தில் நாம் உண்மையாக்கிக் கொண்டிருக்கிறோமோ என்று ஐயுறவேண்டியிருக்கிறது. காரமும் புளிப்பும் குழம்பிய மசாலாவின் அடியில் இறைச்சியின் உண்மை நிலை நாவுக்குத் தெரிவதில்லை. மேலும், நோய் தரும் கிருமிகள் பல வாடையோ சுவை மாற்றமோ காட்டுவதில்லை. மணம் நன்றாயிருக்கிறது என்பது நலத்துக்குச் சான்றாகாது.

இப்பண்டங்களோடு தரும் மயோனைஸ் என்ற வெண்ணிறக் குழைவும் கவனிக்கத்தக்கது. முட்டையையும் எண்ணெயையும் அடித்துச் செய்வது அது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். அக்குழைவு அடுப்பையே காணாததால் கிருமியும் சாவதில்லை. எனவே 2023 ஜனவரியில் கேரள அரசு பச்சை முட்டை மயோனைசைத் தடை செய்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசும் ஓராண்டுக் காலத்துக்கு அவ்வாறே தடை விதித்தது. 2022 செப்டம்பரில் ஷவர்மாவுக்கெனத் தனி விதிகளை வெளியிட்ட கேரள அரசு, அடுத்த ஜனவரியில் மற்றொரு நல்ல ஏற்பாடும் செய்தது. உணவுப் பொட்டலத்தின்மேல், சமைத்த நேரத்தையும் எந்த நேரத்துக்குள் உண்ணவேண்டும் என்பதையும் குறிக்கவேண்டும் என்பதே அது. மறைந்திருந்த காலத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதிவைக்கும் ஏற்பாடு அது.

இதுவரை சொன்னது ஓரிரவில் தாக்கும் தீங்கு. ஓசையின்றி வரும் தீங்கு மற்றொன்று உண்டு. அது ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறது, செய்தித்தாளில் இடம்பெறுவதில்லை.

மைதா, எண்ணெய், உப்பு, சர்க்கரை ஆகிய நான்கும் துரித உணவின் தூண்கள். உப்பு நாள் ஒன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல், இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வறுவலும் ஊறுகாயும் சாஸும் சேர்ந்த ஒரே வேளை உணவில் அந்த அளவின் பெரும்பகுதி கழிந்துவிடக்கூடும். 300 மில்லி இனிப்புக் குளிர்பானத்தில் ஏறத்தாழ முப்பது கிராம் சர்க்கரை இருக்கிறது. தாகம் தீரக் குடிப்பதாக எண்ணி ஆறு தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரையைக் குடிக்கிறோம். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து தீய பொருள்கள் பெருகுகின்றன. அவை 25 சதவீதத்தை மீறினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்பது 2018 முதல் இந்தியாவில் உள்ள விதி. கறுத்து நுரைக்கும் எண்ணெயைக் கண்டால் விதியைப் படிக்காதவருக்கும் விலகிச் செல்லத் தெரியவேண்டும்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இங்கே குறிப்பிடத் தக்கது. இருபது பேரை ஒரு மாதம் மருத்துவ விடுதியில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் இயல்பான உணவும் அளித்தார்கள். பரிமாறிய உணவின் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு ஆகியவை இரண்டிலும் ஒத்திருந்தன. வேண்டிய அளவு உண்ணலாம். ஆலை உணவை உண்டபோது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி மிகுதியாக உண்டார்கள். இரண்டு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினார்கள். அவ்வுணவை அவர்கள் வேகமாக உண்டதும் தெரியவந்தது. ஆக, அவசரம் அடுப்படியோடு நிற்கவில்லை. உண்பவனின் வாயிலும் புகுந்துவிடுகிறது. வயிறு ‘போதும்’ என்று சொல்வதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வொன்று, நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்று 2023-இல் கணக்கிட்டது. கேரளத்தில் வயது வந்தோரில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு இந்நோய் உண்டு என்றும் அது கண்டது. இதற்குத் துரித உணவு ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமன்று. பரம்பரை, உழைப்புக் குறைவு, நம் வீட்டு இலையிலேயே மிகுந்துவிட்ட அரிசிச் சோறு ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. பஜ்ஜியும் பரோட்டாவும் நம்முடையவை என்பதற்காகக் குற்றமற்றவை ஆகிவிடமாட்டா. எண்ணெய்க்குச் சொந்த நாடு, அயல்நாடு என்ற வேற்றுமை தெரியாது.

2016-இல் கேரள அரசு, பெயர் பெற்ற உணவகங்கள் விற்கும் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீத வரி விதித்தது. கொழுப்பு வரி என்று மக்கள் அதனை அழைத்தார்கள். 2017 ஜூலையில் நாடு முழுவதற்குமான சரக்கு, சேவை வரி வந்தபோது அது மறைந்தது. வரியும் தடையும் வேண்டியவைதாம். ஆனால் அவை வாசல்வரை மட்டுமே வரும். பிள்ளையின் கையில் இருக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டியவர்கள் நாமே.

இப்பண்டங்களை வாங்குவோரை ஏளனம் செய்வதும் நம் நோக்கமன்று. விடுதி மாணவனுக்கு அடுப்பு இல்லை. இரட்டைச் சுமை சுமக்கும் தாய்க்கு நேரம் இல்லை. குறைந்த காசில் வயிறு நிறையவேண்டியவர்களும் உண்டு. அடுப்படிச் சுமையை வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளாமல், ‘வெளியில் வாங்காதே’ என்று உபதேசிப்பதில் பயனில்லை. அவித்த கடலை, வாழைப்பழம், இட்லி, மோர் ஆகியவையும் விரைவில் கிடைக்கும் உணவுகளே. வெளியில் உண்ணத்தான் வேண்டுமென்றால் ஆவி பறக்கும் உணவைத் தேர்ந்துகொள்வோம். இறைச்சியின் உட்புறம் சிவந்திருந்தால் கூசாமல் திருப்பிக் கொடுப்போம். ‘எப்போது சமைத்தது?’ என்று கேட்போம். வாங்கிய பொட்டலத்தை இரண்டு மணி நேரத்துக்குள் உண்போம். நேற்றையதை இன்று பிள்ளைக்குக் கொடுக்கமாட்டோம்.

உண்டபின் வாந்தியும் பேதியும் கண்டால் உடலில் நீர் வற்றாமல் காப்பது முதற் கடமை. மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கலாம். அது கிடைக்காவிடில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பேதியில் இரத்தம் கண்டாலும், கடுங்காய்ச்சல் இருந்தாலும், குழந்தை சோர்ந்து கண் செருகினாலும் மருத்துவரிடம் செல்ல ஒரு கணமும் தயங்கலாகாது. அவசரப்படவேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

ஜூ டவுன் வணிகர் ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் வைத்து நிதானமாகப் பார்த்தார். ஐயம் இருந்தால் வாங்க மறுத்தார். அவரைக் காத்த அந்த ஒரு கண நிதானம் நம்மையும் காக்கும். அதற்கு விலை ஒன்றுமில்லை.