மழைக்காடும் உழைப்பாளர் உரிமையும்

தென் அமெரிக்காவில் ஒரே அட்சரேகையில் இரு வேறு தட்பவெப்பங்கள் நிலவுகின்றன. அமேசான் படுகையில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. ஆண்டிஸ் மலைக்கு மேற்கே பெருவின் கடற்கரையோ பாலைவனம். அட்லாண்டிக் காற்றின் ஈரத்தை மலை தடுக்கிறது. குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் மேற்கில் மழைமேகம் திரளவிடுவதில்லை.

இது இயற்கையின் ஏற்பாடு. ஆனால் காடே மழையை ஆக்கவும் செய்கிறது. பெய்த நீரில் பெரும்பங்கை மரங்கள் ஆவியாக்கித் திருப்பி அனுப்புகின்றன. அதுவே மேற்கே மீண்டும் மழையாகிறது. பின் தெற்கே திரும்பித் தொலைதூர வயல்களை நனைக்கிறது. ஓரிடத்தில் வீழும் காடு வேறிடத்து உழவனின் விளைச்சலைப் பறிக்கும்.

வெட்டுவோர் யார்? இலாபம் நாடும் பெரும் மாட்டுப்பண்ணை முதலாளிகள். தடுத்தோர் யார்? பிரேசிலின் ஆக்ரே மாநில ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்கள். சங்கத் தலைவர் சிக்கோ மெண்டிஸ் வழிகாட்ட, பெண்களும் குழந்தைகளும் உடன்வர, வெட்டுவோரை அவர்கள் மறித்து நின்றனர். 1988 டிசம்பர் 22 அன்று, ஷாபுரியில் தம் வீட்டிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்ணை முதலாளி ஒருவரும் அவர் மகனும் தண்டிக்கப்பட்டனர். 1990இல் மெண்டிஸ் பெயரால் 9 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு ஒதுக்கப்பட்டது. காட்டை அழிக்காமல் அதில் வாழ்ந்து பயன்கொள்ளும் உரிமை அங்கு உழைப்பாளருக்கு உண்டு.

காட்டைக் காக்கும் போராட்டம் நிலத்திற்கான போராட்டமே, தோழர்களே!