ஒருசந்தியும் ஒப்பாரியும்

மாசி மாதத்துப் பனி முற்றாக நீங்காத நாட்களில், வட இலங்கையின் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் ஒரு மாற்றம் உண்டாகும். கண்ணாற் காண்பதற்கு முன்னரே அதனைக் காதால் அறிந்துகொள்ளலாம். கலியாண வீட்டு மேளம் ஓய்ந்துவிடும். கூத்துப் பழகும் முற்றங்களில் மத்தளம் உறையிலிட்டு மூலையில் வைக்கப்படும். கோவிலில் உற்சாகமாக ஒலித்த பாடல்கள் நின்று, இரங்கலும் ஏக்கமும் கலந்த பாடல்கள் தொடங்கும். குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும், அப்பால் மன்னார்த் தீவின் பேசாலையிலும் தவக்காலம் பிறந்துவிட்டது என்பதற்கு இவையே அறிகுறிகள்.

இயேசு பெருமான் வனாந்தரத்தில் 40 நாள் நோன்பிருந்ததன் நினைவாக அமைந்தது இக்காலம். விபூதிப் புதனில் தொடங்கிப் பெரிய சனி வரையில் எண்ணினால் 46 நாட்கள் வரும். இடையே வரும் ஞாயிற்றுக்கிழமைகள் ஆறும் ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளின் சாயலைக் கொண்டவை ஆதலால் நோன்புக் கணக்கிற் சேர்வதில்லை. முதல் நாளில் குருவானவர் மக்களின் நெற்றியிற் சாம்பலாற் சிலுவை அடையாளம் இட்டு, மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே மீள்பவன் என நினைவூட்டுவார். அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகின்றது என்பது கவனிக்கத் தக்கது. சென்ற ஆண்டுக் குருத்து ஞாயிற்றில் மந்திரித்துக் கொடுக்கப்பட்ட ஓலைகள், சிறு சிலுவைகளாகப் பின்னப்பெற்று, வீட்டுச் சுரூபத்தின் அருகே ஓராண்டுக் காலம் உலர்ந்து கிடக்கும். அவற்றைத் திரட்டிச் சுட்ட சாம்பலே இந்த ஆண்டு நெற்றிக்கு வருகின்றது. வெற்றி முழக்கத்தோடு ஏந்திய ஓலை, மறு ஆண்டிலே தவத்தின் அடையாளமாகிறது.

‘விபூதி’ என்னும் சொல்லே அயல்வீட்டுச் சைவரோடு பகிர்ந்துகொண்ட சொல் அல்லவா! பொருளும் சமயக் கருத்தும் வேறாயினும், நீறணிந்த நெற்றியைக் கண்டால் அங்கே ஒரு விரதம் உண்டு என்பதை இரு சாராரும் அறிவர். மாசியில் வரும் சிவராத்திரியும் விபூதிப் புதனும் சில ஆண்டுகளில் மிக நெருங்கி வருவதுண்டு. 2018ஆம் ஆண்டில் அவை அடுத்தடுத்த நாட்களில் வந்தன. ஒரு வீட்டில் கண்விழிப்பு முடிய, மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டில் ஒருசந்தி தொடங்கியது.

ஒருசந்தி என்பது நாளுக்கு ஒரு வேளை மாத்திரம் நிறைவாக உண்ணும் நோன்பு. மாமிசம் விலக்குதலைச் சுத்தபோசனம் என்பர். முற்காலத்துச் சட்டம் கடுமையானது. ஞாயிறு தவிர்ந்த தவக்கால நாட்கள் அனைத்துக்கும் ஒருசந்தி விதிக்கப்பட்டிருந்தது. 1966ஆம் ஆண்டில் பாப்பரசர் ஆறாம் பவுல் அதனைத் தளர்த்தி, விபூதிப் புதனையும் பெரிய வெள்ளியையும் மாத்திரம் கட்டாய ஒருசந்தி நாட்களாக விட்டுவைத்தார். ஆயினும் முதியோர் பலர் தம் பழைய கணக்கை விட்டாரில்லை.

இங்கே ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. ஐரோப்பாவில் மாமிசத்தை விட்டு மீன் உண்பது தவமாகக் கருதப்பட்டது. கடலை நம்பி வாழ்வோனுக்கு மீன் உண்பதில் என்ன தவம் இருக்கிறது? அவன் வீட்டில் ஆட்டிறைச்சி சமைப்பதே பெருநாளுக்குத்தான். ஆகவே கரையோர மக்கள் தமக்கு உண்மையில் வருத்தந் தருவது எதுவெனத் தாமே தேடிக்கொண்டனர். வெற்றிலையை விட்டவர் உண்டு; சுருட்டை விட்டவர் உண்டு. கள்ளை விட்டவரே மெய்யான தவசி எனலாம். ஏனெனில் பனையிலே பாளை விட்டுக் கள் இறங்கும் பருவமும், தவக்காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன.

இத்தனைக்கும் நடுவே, ஒரு பங்கின் தவக்கால வாழ்வுக்கு உயிர்நாடியாக விளங்கியது வியாகுலப் பிரசங்கம் படித்தலாகும். இதன் வரலாற்றை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு வீட்டில் இடங்கொடுத்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687ஆம் ஆண்டில் கோவையிலிருந்து, அதாவது இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள கோவா நாட்டிலிருந்து, முனிவர் யோசேப் வாஸ் கூலியாள் வேடத்தில் வந்திறங்கும் வரையில், ஏறத்தாழ 30 ஆண்டுகள் இந்நாட்டுக் கத்தோலிக்கருக்குக் குருவானவர் இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. இல்லங்களில் இரகசியமாகச் சொல்லப்பட்ட செபங்களே எஞ்சியிருந்தன. யோசேப் வாஸ் முனிவர் சில்லாலையிற் கரந்துறைந்து மந்தையைத் திரட்டியபோது, சமயம் பொதுமக்களின் நாவிலே பிழைத்திருந்தது. அவர் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியையும் நியமித்தார். குருவானவர் இல்லாத வேளையில் மக்களைக் கூட்டிச் செபம் நடத்துவது அவர்களின் கடமை. இன்று கூத்துப் பழக்கும் ஆசானைக் குறிக்கும் அண்ணாவி என்னும் சொல், அக்காலத்தில் செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரையும் குறித்தது. இரு பணிக்கும் குரல் வளமும் நினைவாற்றலும் வேண்டியிருந்தன என்பதை நோக்க, இது தற்செயல் என்று தோன்றவில்லை. யோசேப் வாஸ் 1711இல் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார்.

அவருக்குத் துணையாக 1705இல் வந்து சேர்ந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார். கோவாவின் திவார் தீவிற் பிறந்தவர். சிங்களத்தையும் தமிழையும் கற்று, இரண்டிலும் நூல்கள் இயற்றினார். கிறிஸ்து நாதரின் பாடுகளைத் தியானிக்கும் வியாகுலப் பிரசங்கத்தைத் தமிழில் ஆக்கியவர் அவரே. அதே பொருளில் அவர் சிங்களத்தில் எழுதிய நூல் மேற்குக் கரையோரச் சிங்களக் கத்தோலிக்கரிடையே வழங்கிவருகின்றது. தாய்மொழி கொங்கணியாகவுள்ள ஒருவர் இந்நாட்டின் இரு மொழியினருக்கும் அழுவதற்கு வாசகம் தந்தார் என்பது நினைந்து வியக்கத் தக்கது. 1742ஆம் ஆண்டில் போலவத்தையில் அவர் மறைந்தார். அவருடைய நூல் மறையவில்லை.

வியாகுலப் பிரசங்கத்தைச் சாதாரணமாக வாசிப்பதில்லை, படிப்பார்கள். படித்தல் என்பது இங்கு ஒரு தனிக் கலை. மாலையில் விளக்கேற்றியபின் மக்கள் கோவிலிற் கூடுவர். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் மறுபுறம், பாயிலோ வெறுநிலத்திலோ இருப்பர். குரல் வன்மையுள்ளவர் ஒருவர் நூலை விரித்து, வசனத்தை ஒருவகை ஓசையோடு இழுத்து, ஏற்றி, இறக்கிப் படிப்பார். பூங்காவனத்திலே ஆண்டவர் இரத்த வேர்வை சிந்தியது, கற்றூணிற் கட்டுண்டது, தாயும் மகனும் வீதியிற் சந்தித்தது, இவ்வாறு ஒவ்வோர் இரவுக்கும் ஒரு பகுதி. வசனம் ஓர் எல்லையை அடைந்ததும் குரல் தாழும். அடுத்துப் பாடல் எழும். அவ்வேளையிற் பெண்கள் பகுதியிலிருந்து வரும் விம்மலை நடிப்பு என எவரும் சொல்லமாட்டார். கடலுக்குச் சென்று மீளாத கணவனுக்காக ஒப்பாரி வைத்த குரலே, மரியன்னை தன் மகனுக்காகப் புலம்பும் இடத்திலும் ஒலித்தது. மெட்டும் ஏறத்தாழ அதுவே. துயரம் தெரிந்தவர்களுக்கு அந்த நூலில் விளங்காத சொல் கிடையாது. அதன் வடசொற் செறிந்த நடை பண்டிதரையே நிறுத்தி யோசிக்க வைக்கக்கூடியது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் கருத வேண்டும். அக்காலத்துப் பூசை இலத்தீன் மொழியில் நிகழ்ந்தது. குருவானவர் பீடத்தை நோக்கி நின்று சொல்லிய மந்திரங்கள் பெரும்பாலார்க்கு விளங்கவில்லை. ஆனால் வியாகுலப் பிரசங்கம் தமிழில் இருந்தது; அதனைப் படித்தவர் வலை இழுக்கும் மனிதர்; கேட்டவர் அவருடைய சுற்றத்தார். 1806ஆம் ஆண்டில் ஆங்கில அரசு கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபின்னும், குருமார் தொகை பெருகியபின்னும், இந்த ஒரு வழிபாடு மக்கள் கையிலேயே இருந்துவந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமைகளிற் சிலுவைப்பாதை நடைபெறும். 14 நிலைகளையும் ஊரின் வட்டாரங்கள் முறைவைத்துப் பொறுப்பேற்கும். எந்த வட்டாரம் சிறப்பாகச் செய்தது என்ற போட்டியும் சிறிது கலந்திருக்கும். தவமும் போட்டியும் ஒன்றாக எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பொருந்தத்தான் செய்தன. பிடித்த மீனிற் கோவிலுக்கென ஒரு பங்கு ஒதுக்கும் வழமையும் இவ்வூர்களில் உண்டு. கடல் வாய்த்த நாளிற் கோவிலும் வாழும். கடல் பொய்த்த நாளிற் கோவிலும் பட்டினி கிடக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்குக் காலத்தில் நற்கருணை உட்கொள்ள வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை. பகை மனத்தோடு நற்கருணை வாங்குவது எப்படி? எனவே வலை அறுந்த தகராறு, வேலிச் சண்டை, சீதனப் பேச்சில் முறிந்த உறவு, யாவும் தவக்காலத்தில் வெளிவரும். சுவாமியாரும் மூப்பரும் இரு வீட்டுக்கும் நடப்பார்கள். சில வழக்குகள் தீரும். சில அடுத்த தவக்காலத்துக்கு ஒத்திவைக்கப்படும்.

தீராத வழக்கு ஒன்றும் இருந்தது. அதனை மறைப்பது முறையன்று. சாதி வேற்றுமை யாழ்ப்பாணத்துக் கோவில்களுக்குள்ளும் புகுந்திருந்தது. ஒரே பங்கில் இருந்தோர் இடம் பிரிந்து இருந்ததும், ஒரே ஊரில் இரு கோவில்கள் எழுந்ததும் உண்டு. ஒரே பாடுகளைக் கேட்டு ஒருங்கே அழுதவர்கள், எழுந்து வெளியே வந்தபின் ஒரே பந்தியில் இருக்கத் தயங்கினர். பெரிய வியாழன் மாலையிற் குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் சடங்கு இத்தயக்கத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்டது. பன்னிருவராக யார் அமர்வது என்பதே மதிப்புக்குரிய ஒன்றாகக் கருதப்பட்ட ஊர்களில், குனிந்து கழுவுபவரின் தாழ்மை சிலருக்கு மறந்துபோயிற்று. 2016ஆம் ஆண்டில் பெண்களும் அவ்விடத்தில் அமரலாம் என்று உரோமாபுரி அறிவித்தது.

பெரிய வியாழன் பூசையிலே ‘உன்னதங்களிலே’ பாடியபின் மணிகள் மௌனமாகும். அதன்பின் பெரிய சனி இரவு வரையில் மரக் கிலுக்கியின் வறண்ட ஓசையே மக்களை அழைக்கும். பெரிய வெள்ளியன்று பூசை இல்லை. வள்ளங்கள் கரையிற் கிடக்கும். வானொலிப் பெட்டியைத் திறவாத வீடுகளும் பல இருந்தன. வானொலிக்காரர் இதனைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மாலையில் ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையினின்று இறக்கி, வெண்துகில் விரித்த மஞ்சத்திற் கிடத்திப் பவனியாகக் கொண்டுவருவர். மக்கள் வரிசையாக வந்து திருக்காயங்களை முத்திசெய்வர். கோவில் வளவிற் பெரிய பானைகளிற் கஞ்சி காய்ச்சி, பனையோலைப் பிளாவில் வார்ப்பதும் வழமை. மற்றைய நாட்களிற் கள் ஏந்திய பிளா, அன்று கஞ்சி ஏந்தும். அங்கே வருபவன் எந்தச் சமயத்தவன் என்று எவரும் வினவுவதில்லை.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாற்றங்கள் விரைந்து வந்தன. 1956 முதற் பெரிய வாரச் சடங்குகள் காலையிலிருந்து, அவை நிகழ்ந்த மாலை, இரவு வேளைகளுக்கு மீண்டன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டிலே தாய்மொழிக்கு வழி திறந்தது. பூசை தமிழாயிற்று. 1965இல் யாழ்ப்பாணத்தில் உருவான திருமறைக் கலாமன்றம் பாடுகளைப் பெருமேடை நாடகமாக்கி ஆயிரக்கணக்கானோர் காண வைத்தது. இவை நல்ல மாற்றங்களே. எனினும் தமிழ் வழிபாடு பீடத்துக்கு ஏறிய அதே காலத்தில், தமிழிலே தானாய் நின்ற வியாகுலப் பிரசங்கத்தின் அவசியம் குறையத் தொடங்கியது. ஒரு குறை நிரம்பியதும், அக்குறையினாற் பிறந்த கலை தளர்ந்தது.

அதன்மேற் போர் வந்தது. ஒரு பங்கு என்பது கட்டடம் மாத்திரமாயின் இடிந்ததைத் திரும்பக் கட்டிவிடலாம். 1990ஆம் ஆண்டில் மயிலிட்டி மக்கள் தம் கரையை விட்டு வெளியேறினர். துறைமுகம் அவர்களிடம் மீண்டது 2017ஆம் ஆண்டு யூலையில். இடையில் 27 தவக்காலங்கள் அவர்களுக்கு முகாம்களிலும் பிறர் ஊர்களிலும் கழிந்தன. 1995ஆம் ஆண்டு அக்டோபரில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது மற்றப் பங்குகளும் சிதறின. நூலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்லலாம். எந்த வசனத்தில் குரல் தாழ வேண்டும், எங்கே மூச்சு நிறுத்தினால் பெண்கள் பாட்டை எடுப்பர் என்பது அச்சில் இல்லை. அது ஒரு முதியவரின் தொண்டையில் இருந்தது; அவர் ஓரிடத்திலும் அவருக்குப்பின் படிக்க வேண்டியவன் வேறோர் நாட்டிலும் ஆயினர்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், 40 நாள் நோன்பு முடித்து உயிர்ப்புப் பூசைக்குச் சென்ற மக்கள் கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் பீடத்தின் முன்னிலையிலே குண்டுகளுக்கு இரையாயினர். அதே காலையில் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திற் சிறு பிள்ளைகளும் மாண்டனர். அடுத்த ஆண்டுப் பெரிய வாரத்திலே கொள்ளைநோயின் காரணமாகக் கோவிற் கதவுகள் பூட்டியிருந்தன. வீட்டு விறாந்தையிற் குடும்பத்தார் மாத்திரம் கூடிச் செபம் சொல்லிய அந்த நாட்களில், முனிவர் யோசேப் வாஸ் வருவதற்கு முற்பட்ட 30 ஆண்டுகளை நினைவுகூர்ந்தோர் இருந்திருப்பர்.

இன்று கரையோரப் பங்குகளிற் பசாம் பாடுவோரும் வியாகுலப் பிரசங்கம் படிப்போரும் இன்னும் இருக்கின்றனர். தொகை குறைவு. படிக்கும் இரவில் இளைஞர் கைத்தொலைபேசியை நூலருகே வைத்துக் குரலைப் பதிவு செய்துகொள்வதுண்டு. முதியோர் அதனைத் தடுப்பதில்லை. ஆனால் பதிவைக் கேட்டுப் பழகியவன் மறுநாள் வந்து முன்னால் இருந்து படிக்கும்போது, பிழையான இடத்திற் குரல் ஏறினால், பெண்கள் பகுதியிலிருந்து ஒரு கிழவி பாட்டைத் தொடங்காமல் மௌனமாய் இருப்பாள். அவன் அந்த வசனத்துக்குத் திரும்பிச் சென்று மறுபடியும் படிப்பான்.