அவையோரா, விருந்தாளியா?

தன் வாழ்க்கையையே நிகழ்த்திக் காட்டும் கலைஞர் முன்னால் உட்கார்ந்திருப்பவரைக் குறிக்கத் தமிழில் அவையோர், பார்வையாளர், ரசிகர் என்று மூன்று சொற்கள் உண்டு. பாபி பேக்கரின் நிகழ்வுகளுக்கு மூன்றும் பொருந்துவதில்லை. 1950-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்து, லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் ஓவியம் படித்தவர் அவர். தம்மைப் பார்க்க வந்தவர்களை அவர் விருந்தாளிகளாக்கினார்.

ஓவியம் கற்றவர் சாயத்தை விட்டுக் கேக்குக்கு வந்தார். 1976-இல் கிழக்கு லண்டனின் ஸ்டெப்னியில், தாம் குடியிருந்த சிறிய வீட்டுக்குள் ஆளுயரத்தில் ஒரு குடும்பத்தையே தின்பண்டங்களால் செய்து வைத்தார். கம்பிவலைக் கூட்டின்மேல் பழக்கேக்கில் அப்பா, மெரிங்கில் மகள், பிஸ்கட்டில் மகன், தேங்காய்க் கேக்கில் கைக்குழந்தை. அம்மா மட்டும் தையற்கடைப் பொம்மை. அவளுக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் தேநீர்க் கெண்டி, வயிற்றில் பலகார அறைகள். வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொடுத்து, குடும்பத்தை வெட்டித் தின்னச் சொன்னார் பேக்கர். ஒரு வார முடிவில் கம்பிவலை தெரிந்தது. பிறர் குடும்பக் கதையை நாம் ருசித்துக் கேட்பதற்கு இதைவிட நேரான உருவம் வேறு கிடைப்பது அரிது.

குழந்தைகள் பிறந்தபின் ஏறக்குறைய எட்டாண்டு அவர் மேடை ஏறவில்லை. 1988-இல் திரும்பியபோது, அந்த இடைவெளியையே நிகழ்வின் பொருளாக்கினார். ‘ஒரு தாயின் அனுபவத்தை வரைதல்’ என்னும் அந்நிகழ்வில் தரையில் விரித்த வெள்ளைப் படுக்கை விரிப்புதான் திரைச்சீலை. பிள்ளைப்பேற்றுக்கு ஆறிய மாட்டிறைச்சி வறுவல், தாய்ப்பாலுக்கு ஆடை நீக்கிய பால்; பிறகு வெல்லப்பாகு, மாவு என்று நினைவுக்கு ஒரு பண்டம் விரிப்பில் விழுகிறது. வெள்ளை மேலங்கியில் நிற்கும் அவர், ‘அழுக்காக்கிவிட்டேனே’ என்ற தோரணையில் விடாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவையில் சிரிப்பு. மனச்சோர்வு பற்றிய பேச்சு அந்தச் சிரிப்புக்கு நடுவே, ஓரமாக வந்து போகிறது. அதைக் கேட்டுவிட்டோம் என்று உணர்வதற்குள் அவர் அடுத்த பண்டத்துக்குப் போய்விடுகிறார். கடைசியில் எல்லாவற்றின்மேலும் மாவைத் தூவி, விரிப்பைத் தம்மைச் சுற்றிச் சுருட்டிக்கொண்டு ஆடுகிறார். வரைந்த படம் பார்த்தவர் கையில் தங்குவதில்லை. வரைந்தவரின் உடம்போடு சேர்ந்து போய்விடுகிறது.

1991-இல் லண்டன் சர்வதேச நாடக விழாவுக்காக நிகழ்ந்த ‘சமையலறைக் காட்சி’யில் அரங்கமே இல்லை, அவருடைய சொந்தச் சமையலறைதான் இடம். அன்றாடம் அங்கே செய்யும் பன்னிரண்டு காரியங்களை அவர் செய்து காட்டினார். வந்தவர்களுக்குத் தேநீர் கலக்கிக் கொடுப்பது முதற்காரியம். கலக்கிய விரல்களை அதே வளைவில் ஒட்டுத்துணியால் கட்டிக்கொண்டார். கோபம் தீர நன்கு பழுத்த பேரிக்காயை அலமாரிக் கதவில் எறிந்தார். ஒவ்வொரு காரியத்துக்கும் அவர் உடம்பில் ஓர் அடையாளம் ஏறியது. நம் ஊர் வீடுகளிலும் கொடுத்த காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வருவது எளிதல்ல. அந்தச் சங்கடம்தான் பேக்கரின் கருவி. கையில் கோப்பையோடு நிற்பவர் விமரிசகராக இருக்க முடியாது. வீட்டுக்காரி சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதனால், இவ்வகைக் கலைஞர் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுபவர் என்ற கருத்து நிற்காது. 1997 முதல் 2008 வரை, மனநோயோடு போராடிய காலத்தில், பேக்கர் நாட்குறிப்பாக எழுநூறுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். அவற்றை வரையும்போது எதிரில் விருந்தாளி யாரும் இல்லை. 2001-இல் ஒரு தேவாலயத்தில் ‘பெட்டிக் கதை’ என்னும் நிகழ்வை நடத்திய நாட்களிலும் அந்தப் படங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. 2004-இல் பார்பிகன் அரங்கில் ‘வாழ்வது எப்படி’ என்று மனநலச் சிகிச்சையைக் கேலி செய்தபோது, நோயாளியாக மேடைக்கு வந்தது ஓர் உறைந்த பட்டாணி. நோயாளி பாத்திரத்தைப் பட்டாணிக்குக் கொடுத்துவிட்டு, சிகிச்சை சொல்பவராகத் தாம் நின்றார். படங்களில் 158-ஐ மகளோடு சேர்ந்து தேர்ந்தெடுத்து, 2009-இல் லண்டன் வெல்கம் காட்சிக்கூடத்தில் வைத்தார். எதை, எப்போது, எவ்வளவு காட்டுவது என்ற முடிவு ஒருபோதும் பார்ப்பவர் கைக்குப் போகவில்லை. அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டுவிட்டதாக அவையோர் நம்பியதும் அவருடைய தொழில்திறமையே.

2023 நவம்பரில் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தின் புல்வெளியில் அந்தக் கேக் குடும்பத்தை மீண்டும் செய்து வைத்தார்கள். வந்தவர்களுக்கு இம்முறையும் கேக் பரிமாறப்பட்டது.