ஹேண்டில் ஆட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள்





நடக்க இயலாத நம் பெரியவர்கள் பள்ளிக்கும் கடைக்கும் போய்வர, பிரித்துக் காரில் ஏற்றக்கூடிய பேட்டரி ஸ்கூட்டர்களை நாங்கள் இரவல் தருகிறோம். அடிக்கடி மடக்கி விரிப்பதால் ஹேண்டில் தண்டில் ஆட்டம் வந்துவிடும். பள்ளத்தில் இறங்கும்போது அதுவே ஆளைக் கவிழ்த்துவிடலாம்.

முதலில் சாவியை எடுத்து, பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தண்டு மடங்கும் இடத்திலுள்ள திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரங்களில் கோளாறு அதோடு தீர்ந்துவிடும்.

அடுத்து, ஒருவர் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஹேண்டிலைத் திருப்பட்டும். ஹேண்டில் மட்டும் திரும்பினால், தண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டை முறுக்குங்கள். முன்னும் பின்னும் அசைக்கையில் ‘டக் டக்’கென்று தட்டினால், பைக்கில் கோன்செட் என்போமே, அதுபோன்ற பேரிங்கின் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஆட்டம் நின்றதும் நிறுத்திவிடுங்கள். மேலும் இறுக்கினால் ஹேண்டில் திரும்பச் சிரமப்படும்.

பிறகு சமதரையில் மெதுவாக நீங்களே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெரியவரிடம் கொடுங்கள்.

வெல்டிங்கில் விரிசல் தெரிந்தால் கம்பி கட்டி ஓட்ட வேண்டாம். எங்களிடம் சொல்லுங்கள். இரவல் பொருளாயிற்றே என்று தயங்காதீர்கள். நாங்கள் குறைசொல்ல மாட்டோம். பழுதை மறைக்காமல் சொல்வதும் அமானிதத்தைப் பேணுவதுதான். நாளை அதில் உட்காரப்போவது இன்னொரு வீட்டு வாப்பாவோ உம்மாவோ அல்லவா?