வெல்டரின் கண்ணும் நாற்பது வயதும்

(மருத்துவமனைக் கண் பிரிவின் ஆதரவாளர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. முப்பத்தைந்து வருஷம் முகத்தை மூடிக்கொண்டு வேலை பார்த்தவன் நான். இன்றைக்குத் திறந்த முகத்தோடு இத்தனை பேர் முன்னால் நிற்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் போனால் திருவெறும்பூர், துவாக்குடி என்று வரும். 1960-களில் அங்கே பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை வந்தது. 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. அவற்றைச் சுற்றி ஏராளமான பட்டறைகளும் சிறு தொழிற்சாலைகளும் எழும்பின. அப்படி ஒன்றில்தான் நான் வெல்டராக இருந்தேன். குழாய் வெல்டிங் என் வேலை. கொதிகலன் குழாயில் பற்று வைத்தால் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். நம் நெஞ்சுக்கு எடுப்பது போலவேதான். உள்ளே ஊசிமுனை அளவு காற்றுக் குமிழி இருந்தாலும் ஃபிலிமில் தெரிந்துவிடும். வெட்டி எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும்.

2006-ஆம் வருஷம் வரைக்கும் என் எக்ஸ்ரேக்களில் தள்ளுபடி அபூர்வம். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்த வருஷம் எனக்கு 46 வயது. திடீரென்று ஃபிலிம்கள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒரு வாரத்தில் ஒன்று, அடுத்த வாரத்தில் மூன்று. அடியில் இரும்பு சரியாக உருகிச் சேரவில்லை என்றார்கள். நேராகப் போக வேண்டிய பற்று, இணைப்பை விட்டு ஒரு நூல் விலகிப் போயிருந்தது. ஆனால் வைக்கும்போது எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

கை போய்விட்டது என்று நினைத்தேன். நடுக்கம் வந்துவிட்டதோ என்று ராத்திரியில் விரல்களை நீட்டி நீட்டிப் பார்ப்பேன். வீட்டில் சொல்லவில்லை. போர்மேன் என்னைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்த பிள்ளை. ஒருநாள் பக்கத்தில் வந்து, "அண்ணே, கொஞ்ச நாளைக்கு டேக் மட்டும் அடிங்க. குழாயைத் தம்பிங்க பாத்துக்கட்டும்" என்றார். டேக் அடிப்பது என்றால் இரண்டு துண்டுகளை நிறுத்திவைக்க அங்கங்கே ஒரு பொட்டு வைப்பது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் செய்கிற வேலை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் அப்போது பிளஸ் டூ. குழாய் வேலைக்கு இருந்த கூலி டேக் வேலைக்குக் கிடையாது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றை விளக்கவேண்டும். கோயிலில் பாட்டு நம்பர் சொன்னவுடன் பாமாலைப் புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறவர்கள் இங்கேயே பலர் இருக்கிறீர்கள். சிரிக்கிறீர்கள், ஆகையால் புரிந்துவிட்டது. அதை வெள்ளெழுத்து என்பார்கள், சாளேசுரம் என்றும் சொல்வார்கள். இந்துஸ்தானியில் சாலீஸ் என்றால் நாற்பது. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இளம் வயதில் நுங்கு போல மெத்தென்று இருக்கும். கிட்டத்துப் பொருளைப் பார்க்கும்போது அது தானே வடிவம் மாறிக் குவியும். வயது ஏற ஏற நுங்கு கடுக்காயாகிவிடுகிறது. வடிவம் மாறாது. கிட்டத்தில் இருப்பது கலங்கும். குமாஸ்தாவுக்கும் வரும், தையல்காரருக்கும் வரும், வெல்டருக்கும் வரும். "ஆர்க் அடிச்சு அடிச்சுக் கண்ணு போயிடுச்சு" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். ஆனால் நாற்பதுக்கு மேல் வருகிற இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் ஆர்க் அல்ல, வயதுதான்.

புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கலாம். வெல்டிங்கில் அது முடியாது. குழாய் இருக்கிற இடத்தில்தான் இருக்கும், தலையை நீட்டி நாம்தான் போகவேண்டும். ராடு முனையில் உருகின இரும்பு ஒரு சின்னக் குட்டையாக நிற்கும். அந்தக் குட்டையின் விளிம்பைப் பார்த்துத்தான் கை நகரும். விளிம்பு மங்கினால் கை எவ்வளவு நிதானமாக இருந்தும் பயனில்லை. அதோடு ஹெல்மெட்டுக்குள் இருட்டு. அறுபது வயதில் கண்ணின் உட்திரைக்கு வந்து சேருகிற வெளிச்சம், இருபது வயதில் வந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பாப்பா சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் கருப்புக் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு பார்க்கிறோம்.

என்னைக் கண் முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனது என் மனைவிதான். ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னால் நான் மகளிடம் கொடுப்பதைக் கவனித்திருக்கிறாள். முகாமில் கண் பரிசோதித்த சிஸ்டர் சின்ன வயதுப் பெண். எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னார். தூரத்து எழுத்தெல்லாம் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கண்ணே. என்ன வேலை பாக்குறீங்க?"

"வெல்டிங் சிஸ்டர்."

"எப்படி உக்காந்து வேலை செய்வீங்க? செஞ்சு காட்டுங்க."

ஒரு பேனாவை ராடு மாதிரி பிடித்துக்கொண்டு மேஜைமேல் குனிந்து காட்டினேன். அந்தப் பெண் தையல்காரர் வைத்திருக்கிற டேப்பை எடுத்து, என் புருவத்திலிருந்து பேனா முனை வரை அளந்தார். 38 சென்டிமீட்டர். அந்தத் தூரத்துக்கு ஒவ்வொரு லென்ஸாகப் போட்டுப் பார்த்தார். +1.25 வந்தபோது பேனா முனையின் பக்கத்தில் மேஜையில் இருந்த ஒரு கீறல் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு முன்னால் அங்கே கீறல் இருந்ததே எனக்குத் தெரியாது. என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அந்த நிமிஷம் தெரிந்தது. வெளியே வந்து வேப்ப மரத்தடியில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். மனைவி பயந்துபோய், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பதில் சொல்ல வரவில்லை.

அந்த டேப்பைப் பற்றி நான் எங்கே போனாலும் சொல்வேன். வாசிக்கிற கண்ணாடியைச் சாதாரணமாக 40 சென்டிமீட்டருக்குக் கொடுப்பார்கள். லென்ஸின் நம்பருக்கும் தூரத்துக்கும் கணக்கு இருக்கிறது. கண் தானே குவிகிற சக்தியை முழுக்க இழந்துவிட்டால் +2 லென்ஸுக்கு 50 சென்டிமீட்டரில் தெளிவு, +2.5-க்கு 40, +3-க்கு 33. ஒருவர் 30-ல் குனிந்து வேலை செய்வார், இன்னொருவர் 50-ல் நிமிர்ந்து செய்வார். அளக்காமல் கொடுத்த கண்ணாடி பெட்டியில்தான் தூங்கும்.

முதலில் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்தேன். வேர்வையில் வழுக்கும், மூச்சுப்பட்டுப் பனி பிடிக்கும். அவசரப்பட்டு இருபார்வைக் கண்ணாடி வாங்கி ஏமாந்தவர்களும் எங்களில் உண்டு. அதில் கிட்டப் பார்வைப் பகுதி கீழே இருக்கும். ஹெல்மெட்டின் ஜன்னலோ இரண்டு அங்குல உயரம். ஆகையால் கீழ்ப் பகுதி வழியாகப் பார்க்கக் கொக்கு மாதிரிக் கழுத்தைத் தூக்க வேண்டும். தலைக்கு மேலே வெல்டிங் வைக்கிற நாளில் அதுவும் நடக்காது. வேலைத் தூரத்துக்கு மட்டும் முழு லென்ஸாகப் போடுவதுதான் நல்லது.

அதைவிட எனக்கு ஒத்துவந்தது உருப்பெருக்கித் தகடு. கருப்புக் கண்ணாடி அளவிலேயே, இரண்டு அங்குலத்துக்கு நாலேகால் அங்குலம், வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கிறது. முக்காலிலிருந்து மூன்று நம்பர் வரை உண்டு. ஹெல்மெட்டுக்குள் கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால், நம் கண் பக்கமாகச் செருக வேண்டும். ஹெல்மெட்டைத் தூக்கினால் தகடும் கூடவே தூக்கிக்கொள்ளும். தூரத்தில் வருகிற கிரேன் தெளிவாகத் தெரியும். முதல் இரண்டு நாள் குட்டை பெரிதாகவும் கிட்டத்திலும் தெரிந்ததால் ராடை ஒட்டவைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு பழகிவிட்டது. தகட்டின் நடுப்பகுதி கண்ணுக்கு நேரே வரும்படி தலைப்பட்டையைச் சரிசெய்ய வேண்டும், ஓரத்தில் பார்த்தால் கோடு வளையும். ஏற்கனவே மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் இரண்டு நம்பரும் கூடும் என்பதையும் மறக்கக்கூடாது. இது ஒளியைத் தடுக்காது, கருப்புக் கண்ணாடி இல்லாமல் இதை மட்டும் நம்பக்கூடாது.

கருப்புக் கண்ணாடியின் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண் ஒன்று கூடினால் உள்ளே வருகிற வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமே மிஞ்சும். 60 முதல் 160 ஆம்பியர் வரை சாதாரண ராடு வெல்டிங்குக்கு 10-ஆம் எண் பொதுவாகச் சொல்லப்படுகிறது. எங்கள் காலத்தில் இருண்ட கண்ணாடி போட்டால் கண்ணுக்கு நல்லது என்று நம்பி 12 போட்டவர்கள் உண்டு. குட்டையைத் தேடி முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோவார்கள், புகையைச் சுவாசிப்பார்கள். இருட்டிலிருந்து ஆரம்பித்து, தெளிவாகத் தெரியும்வரை ஒவ்வொரு எண்ணாக இறங்க வேண்டும். ஆம்பியருக்குச் சொன்ன குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழே மட்டும் போகக்கூடாது. போனால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டினது போல எரியும். அது ஆறு, ஏழு மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். அதற்கு உருளைக்கிழங்கும் தாய்ப்பாலும் வைத்தியமல்ல, கண் டாக்டரிடம்தான் வரவேண்டும்.

தானே இருளுகிற ஹெல்மெட் 1981-ல் சுவீடனில் விற்பனைக்கு வந்தது. நான் அதை வாங்கினது எத்தனையோ வருஷம் கழித்து, மகள் முதல் சம்பளத்தில். ஆர்க் பற்றும் முன் உள்ளிருந்தே இணைப்பைப் பார்க்க முடிகிறது. வயதானவர்களுக்கு அது பெரிய உதவி.

2018-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில், 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளிகளை இரண்டு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்கு உடனே கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். அவர்கள் நாளொன்றுக்குப் பறித்த இலை, கண்ணாடி இல்லாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஏறக்குறைய 32 சதவீதம். கண்புரை ஆபரேஷனுக்கு மனமுவந்து கொடுக்கிறோம், கட்டு அவிழ்க்கிற படம் நம் உள்ளத்தைத் தொடுகிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு அப்படி ஒரு படம் கிடையாது. ஆனால் என் வீட்டில் அடுப்பு அணையாமல் இருந்தது அந்தக் கண்ணாடியால்தான்.

கண்புரையும் எனக்கு வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2021-ல் எனக்கு 61 வயது. குட்டையைச் சுற்றி வெளிச்சம் பூ மாதிரி விரிந்தது. தகட்டின் நம்பரை இரண்டாக்கினேன், இரண்டரையாக்கினேன். பெரிதாகத் தெரிந்தது, தெளியவில்லை. கண்புரையைத் தகடு போக்காது, அதற்கு ஆபரேஷன்தான். கூட்டிக்கொண்டே போன நம்பரால் ஒரு வருஷம் வீணாக்கினேன். முன்பு பாடம் கற்றவனே இப்படிச் செய்தால் மற்றவர்களை என்ன சொல்வது? டாக்டர் லென்ஸ் வைக்கும் முன், எவ்வளவு தூரத்தில் வேலை என்று கேட்டார். 38 சென்டிமீட்டர் என்று டக்கென்று சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். தூரப் பார்வைக்கு லென்ஸ் வைத்து, வேலைக்குத் தனிக் கண்ணாடி எழுதிக்கொடுத்தார்.

இப்போது வேலைக்குப் போவதில்லை, பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முகாம்களில் சிஸ்டர்களுக்கு ஒத்தாசையும் செய்கிறேன். உங்கள் சபைகளிலும் தெருக்களிலும் கிரில் பட்டறை, லாரி பாடி பட்டறை வைத்திருக்கிறவர்கள் இருப்பார்கள். முகாமுக்கு வரும்போது தங்கள் ஹெல்மெட்டையோ கைத் திரையையோ கூடவே கொண்டுவரச் சொல்லுங்கள். போன முகாமில் ஐம்பது வயதிருக்கும் ஒரு சகோதரர் சிமெண்ட் சாக்கில் சுற்றித் தன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். கருப்புக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற வெள்ளைக் கண்ணாடி முழுவதும் பொறிபட்டு அம்மை போட்டிருந்தது. எத்தனை மாதமாயிற்று மாற்றி என்று கேட்டேன். "மாத்தணுமா?" என்றார். வரிசையில் அவர் முறை வருவதற்குள் கடைக்கு ஆள் அனுப்பிப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுக் கொடுத்தோம். போட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப நான் வீட்டுக்குப் போகட்டுமா?" என்றார். உட்காரவைத்து, டேப்பை எடுத்து அளந்தோம். 34 சென்டிமீட்டர், +1.75.